சைவ வீட்டில் ஆறு மீன்கள்

ஜூன் 9, ஞாயிறு

கொல்லயில் ஊரிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாயிற்று. ஆறு வரிக்குதிரை மீன்களும் உயிரோடு. ஆய்வகத்தில் நோய் வந்து மிஞ்சியவை இவ்வளவுதான்: நாலு பெண், இரண்டு ஆண். என் மூன்று வருட ஆராய்ச்சி இந்த வம்சத்தில்தான் தொங்குகிறது. ஆய்வகத் தொட்டிகளைக் கழுவி முடிக்கும்வரை வீட்டில் வைத்து முட்டை எடு என்றார் என் வழிகாட்டி மேடம். மீன்களுக்கு வயதோ ஒன்றரை வருடம் தாண்டிவிட்டது. இனி எத்தனை நாள் முட்டையிடும்?

அம்மா வாசலிலேயே மறித்தாள். "சைவக்காரங்க வீட்டுக்குள்ள மீனைக் கேத்துவியா மக்கா? போதாததுக்கு முட்டை வேறயாக்கும்!"

"தின்னவா கொண்டு வந்தேன்?" என்று கத்தினேன். பின்னறையில் தொட்டியை வைத்தேன். அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

ஜூன் 11

மழை. இரண்டு முறை மின்சாரம் போனது. இருபத்தெட்டு டிகிரிக்குக் குறையாமலிருக்க தொட்டிக்குப் பழைய கம்பளி. இருட்டு முடிந்து வெளிச்சம் பட்டதும்தான் முட்டையிடும். இட்டதைத் தானே தின்றும் விடும். முட்டை மட்டும் நழுவி விழுந்து தப்ப, கீழே வலை கட்டியிருக்கிறேன். வலைக்கடியில் ஒன்றுமில்லை.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறது. அம்மா பேசவில்லை. நானும்தான்.

ஜூன் 13

இன்றும் முட்டை இல்லை. மாலை காற்று பம்ப் வாங்கப் பாறசாலை போய் வந்தேன்.

ஜூன் 14

காலையில் கிணற்றுத் தண்ணீர் எடுத்துத் தொட்டியில் பாதி மாற்றினேன். ஆய்வகத்தில் குளோரின் சோதிக்காமல் ஒரு சொட்டு விடமாட்டேன். இங்கே — நம் கிணற்றில் குளோரின் ஏது என்ற திமிர். ஜலதோஷம் வேறு, மணமும் தெரியவில்லை. அரை மணி நேரத்தில் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன.

அலறினேன். அம்மா ஓடி வந்தாள். "நேத்து சாயங்காலம் ஹெல்த்துல இருந்து புஷ்பபாய் வந்து கிணத்துல பிளீச்சிங் பவுடர் இட்டாளே. வார்டுல மஞ்சக்காமாலை உண்டுன்னு..."

"ஏன்மா சொல்லல?"

"நீ எங்கூடப் பேசினியா?"

குளோரினை முறிக்கும் மருந்து கையில் இல்லை. ஆய்வகம் ஒன்றரை மணி நேரத் தொலைவு. செத்தேன் என்று நினைத்தேன். அம்மா பூஜையறைக்குப் போனாள். பவுடர் மணக்கிற தண்ணீர் சாமிக்கு ஆகாது என்று, நேற்று புஷ்பபாய் வருமுன்பே இரண்டு குடம் எடுத்து வைத்திருக்கிறாள். இதுவரை எட்டிப் பார்க்காத பின்னறைக்குள் குடத்தை அவளே சுமந்து வந்தாள். "சாமிக்குக் கோரி வச்ச வெள்ளமாக்கும். தொட்டியில விடு."

ஜூன் 15

ஒரு பெண்ணும் ஓர் ஆணும் செத்துப்போயின. மீதி நாலு. ஒரே ஒரு ஆண். அது அடியிலேயே கிடக்கிறது.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "மீனைப் போய்ப் பாரு" என்றாள்.

ஜூன் 18

ஆண் இரை எடுத்தது!

ஜூன் 23, ஞாயிறு

வலைக்கடியில் முட்டைகள். எழுபத்து மூன்று. ஒருபாடு நேரம் அழுதேன்.

ஜூன் 25

லென்ஸை அம்மாவிடம் கொடுத்தேன். முட்டைக்குள் கண்ணாடி போல உடம்பு, அதனுள்ளே ஒரு புள்ளி. வெகுநேரம் பார்த்தாள். "துடிக்குதே மக்கா. பொரிஞ்சதும் இதுகளுக்கு என்ன கொடுப்ப?"

ஜூன் 30, ஞாயிறு

புஷ்பபாய் மறுபடி பவுடரோடு வந்தாள். அம்மா கிணற்றடியில் தடுத்தாள். "நில்லு. கோரி வச்சிட்டு வாறேன்."

முதல் இரண்டு குடமும் நேராகப் பின்னறைக்கு வந்தன. சாமிக்கு மூன்றாவது.