காலியாக வந்த தூக்கு

அண்ணே,

தூக்கு என் முன்னால் மேசைமேல் இருக்கிறது. உள்ளே புளிச்சோறு, இன்று மதியம் அண்ணி கீரனூரில் கட்டிக் கொடுத்தது. மூடியைத் திறக்கிறேன், மூடுகிறேன். வாசல்வரை போய்த் திரும்பி வந்து உட்காருகிறேன். நிலைகொள்ளவில்லை. உங்களிடம் சொல்லாமல் இதைச் சாப்பிட முடியாது.

அதே எவர்சில்வர் தூக்குதான். போன வருஷம் கால் புண்ணிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து, நீங்கள் திருச்சி ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் கிடந்தீர்களே, அப்போது தினமும் இதில் ஆட்டுக்கால் சூப் ஊற்றிப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கொடுத்தனுப்புவேன். நீங்கள் இருபது வருஷம் கண்டக்டராக நின்ற லைன். உங்களோடு வேலை பார்த்தவர்கள் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்துச் சிந்தாமல் கொண்டுபோனார்கள். சாயங்கால வண்டியில் தூக்கு காலியாக வரும். அதைப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

லேபில் லீவு கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமைதான் உங்களைப் பார்க்க வருவேன். ஒவ்வொரு வாரமும் பாதி ஆளாகியிருப்பீர்கள். தொடையில் சதையே இல்லை. “திங்கிறேன்த்தா, ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது” என்றீர்கள். நான் நம்பவில்லை. என் தூக்கு காலியாக வருகிறது, அப்படியானால் கொடுத்தால் சாப்பிடுகிறீர்கள், கூடவே இருக்கிற அண்ணிதான் சரியாகக் கொடுப்பதில்லை என்று முடிவு கட்டினேன். நாள் பூராவும் ரத்தம் எடுத்துச் சோதிக்கிறவளுக்கு இருந்த புத்தி அவ்வளவுதான்.

உங்கள் காரியத்தன்று, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அண்ணியிடம் கேட்டேன். “எங்க அண்ணனப் பட்டினி போட்டுத்தானே அனுப்புனீங்க?”

அண்ணி தலை நிமிரவில்லை. பதில் சொல்லாததையே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் கீரனூர்ப் பக்கமே போகவில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை கீரமங்கலத்திலிருந்து ஓர் அம்மா தன் ஏழு வயது மகளை லேபுக்குக் கூட்டிவந்தார். பிள்ளைக்கு வளர்த்தி போதவில்லை என்று வேறெங்கோ எழுதிக் கொடுத்த சீட்டு. ரத்தத்தில் உள்ள வளர்ச்சிக் காரணியையும் அதைச் சுமக்கிற புரதத்தையும் பார்க்க வேண்டும். நான் கையில் பட்டை கட்டி ஊசியை எடுத்துவிட்டேன். எங்கள் டாக்டர் உள்ளே வந்து விசாரித்தார். கடுமையான காய்ச்சலில் பிள்ளை ஐசியூவில் கிடந்து, போன வாரம்தான் வீடு திரும்பியிருக்கிறாள். டாக்டர் ஊசியை வைக்கச் சொன்னார்.

பெரிய நோய் வந்தால் இந்தக் கணக்கே மாறிவிடுமாம். காரணியைச் சுமந்து பத்திரமாக வைத்திருக்கும் புரதம் உடைந்து குறைந்துவிடும். காரணியைப் பிடித்துவைத்து வேலை செய்யவிடாத வேறொரு புரதம் ஏறிவிடும். என்ன தின்றாலும் சதை பிடிக்காது, உடம்பு தன்னையே கரைத்துக்கொண்டிருக்கும். இப்போது எடுத்தால் ரிப்போர்ட் தப்பாகக் காட்டும், நன்றாகத் தேறட்டும், மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். உங்கள் பாஷையில் சொன்னால், தின்றதெல்லாம் ஸ்டாண்டு நிறைய ஆளாக நிற்கிறது, ஏற்றிப்போக வண்டி இல்லை.

அந்த அம்மா அழுதுவிட்டார். சோறே போடுவதில்லை என்று மாமியார் தினமும் ஏசுகிறாராம்.

“நீங்க போட்டிருப்பீங்கம்மா. ஒடம்புதான் வாங்கிக்கலை” என்றார் டாக்டர்.

“ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது” என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்து, பட்டையை அவிழ்க்காமலே நின்றுவிட்டேன், அண்ணே. டாக்டர்தான் அவிழ்த்தார்.

இரண்டு நாள் தவித்துவிட்டு இன்று லீவு போட்டேன். வெறுங்கையோடு போகக் கூசி, இந்தத் தூக்கில் பணியாரம் எடுத்துக்கொண்டு கீரனூர் போனேன். உட்காரக்கூட இல்லை. வாசலில் நின்றபடியே காரணி, புரதம் என்று ரிப்போர்ட் வாசிப்பதுபோல் ஒப்பித்தேன். கடைசியில்தான் மன்னித்துவிடுங்கள் என்ற வார்த்தை வந்தது. அண்ணி தூக்கைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னார்.

“மூணு வேளையும் ஆஸ்பத்திரில சொன்ன அளவு கொறையாம ஊட்டி விட்டேன். அதுக்கு மேல ஒன் சூப்பு அவுங்களுக்கு எறங்கலை. திருப்பி அனுப்புனா தங்கச்சி மனசு ஒடைஞ்சுரும், நீயே குடிச்சுரு, அதுக்கிட்டச் சொல்லிறாதன்னாங்க. தெனமும் நாந்தான் குடிச்சேன். எனக்கு அந்த வாடையே ஆகாது. மூக்கப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சேன்.”

காரியத்தன்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவுங்க சொல்ல வேணாம்னாங்கள்ல என்றார், அவ்வளவுதான். பணியாரத்தை எடுத்து வைத்துவிட்டு, தூக்கைக் கழுவிப் புளிச்சோறு போட்டுக் கொடுத்தார்.

எனக்காக நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மறைத்தீர்கள். அதை வைத்தே நான் அண்ணியைக் குத்தினேன். உங்கள் மேல்கூடக் கோபம் வருகிறது, அண்ணே. வருகிற கோபம் நிலைக்கவும் மாட்டேன் என்கிறது. நான் கேட்ட அந்தக் கேள்வியைத் திருப்பி வாங்கிக்கொள்ள எனக்கு வழியில்லை. அது என்னிடம்தான் கிடக்கும்.

இதோ, சாப்பிட்டுவிட்டேன். ஒரு பருக்கை விடவில்லை. தூக்கைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். நாளைக் காலை பஸ் ஸ்டாண்டில் கீரனூருக்குக் கொடுத்தனுப்புவேன். அண்ணி திறந்து பார்ப்பார், காலியாக இருக்கும். இந்தத் தடவை நான்தான் சாப்பிட்டேன்.