அடித்த வரி அப்படியே இருக்கும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவின் முட்டிவலி இப்போது தேவலை. என் மேல் கோபமாக இருந்தாலும், உன் வீட்டுக்காரியையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல்.

உன் மின்னஞ்சலை நாலு தடவை படித்தேன். உன் மாமனார் ஒப்பந்தம் எடுத்துக் கட்டிய பள்ளிக்கூடத்தில் சுவர் விரிசல் என்று நாங்கள் போட்ட செய்தியை நீக்கச் சொல்கிறாய். நீக்க மாட்டேன். சுற்றி வளைக்க எனக்கு வராது.

அவர் எங்கள் அலுவலகத்துக்கே வந்தார். தையற்கடை மாடியில் ஒரே அறை, இரண்டு கணினி, கால் ஆடும் மேசை. நானும் படம் எடுக்கும் பெண்ணும்தான். "காகிதமே இல்லாம என்னம்மா பத்திரிகை?" என்று சிரித்தார். கல்வி அலுவலகத்திலும் இதே பாட்டுதான். அச்சில் வராதவர்களுக்கு நிருபர் அட்டை கிடையாதாம், வாசலோடு சரி. அவர் புகார் கொடுத்து எங்கள் இணையதளத்தை இரண்டு நாள் முடக்கவும் வைத்தார். நாங்கள் செய்தியைப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். தளத்தைவிட அங்கேதான் அதிகம் பேர் படித்தார்கள்.

தப்பு என் பக்கமும் இருந்தது. காவலாளி சொன்னதை நம்பி மூன்று வகுப்பறை என்று எழுதிவிட்டேன். எண்ணிக்கை தப்பு, அதனால் செய்தியே பொய் என்றார் உன் மாமனார். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். தப்பான வரியை அழிக்க மாட்டோம். குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதுவோம். எங்கே சறுக்கினோம் என்று யாரும் பார்க்கலாம். அதனால் பெற்றோர்களோடு உள்ளே போய் அறை அறையாக எண்ணினேன். ஐந்து. மூன்றை அடித்து ஐந்து என்று போட்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது அவர்தான்.

நேற்று கல்வி அலுவலகத்திலிருந்து வந்து ஐந்து அறைகளையும் பூட்டிவிட்டார்கள். பிள்ளைகள் மைதானத்தில் உட்கார்ந்து படிக்கிறார்கள். வெயில்தான், ஆனால் தலையில் விழ அங்கே ஒன்றுமில்லை.

மாமனார் வீட்டில் உனக்கு என்னென்ன பேச்சு கிடைத்திருக்கும் என்று நினைத்தால் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ஆனாலும் அதற்காகச் செய்தியை நீக்க மாட்டேன்.

கடைசியில், 'இனி எனக்கு அக்கா இல்லை' என்று எழுதியிருக்கிறாய். அழுதேன். ஆனால் அந்த மின்னஞ்சலை நான் அழிக்கவில்லை, நீயும் அழிக்காதே. அந்த வரிக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி அனுப்பு. எத்தனை நாளானாலும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்
அக்கா