செவலைக்குக் கட்டிய பச்சை வில்லை

பதிவு 1 | 14 ஜனவரி 2091, காலை 6.10
இதைக் கண்டெடுக்கும் புண்ணியவானே, சத்தியம் செய்கிறேன்: இனி வருவதில் ஒரு வரியையும் நீ நம்பப்போவதில்லை. இடம்: மோயாறு பள்ளத்தாக்கு, பாறு காவல் நிலையம். எழுதுவது அதன் ஏகச் சக்கரவர்த்தி சிங்காரவேல். வானத்தை மறைத்துப் பறந்த பாறுக் கழுகுகளில் உலகத்தில் மிச்சம் பதினொன்று. அதில் இரண்டு என் குடிமக்கள்: மகாராணி, அவள் புருஷன். மகாராணி சிறகை விரித்தால் மைசூர்க்காரர்கள் பகலிலேயே விளக்கேற்றுவார்கள். கூட்டில் ஒரே முட்டை. பொரிக்க இன்னும் பதின்மூன்று நாள். கருவிகள் சரி.

பதிவு 4 | 17 ஜனவரி, மாலை 4.30
எட்டு நாளாகச் செத்த மாடு கிடைக்கவில்லை, பறவைகள் பட்டினி. நிலையத்துக் கிழட்டுப் பசு செவலை இடுப்பொடிந்து கிடக்கிறாள். அவள் கதறலில் மலை இரண்டு அடி நகர்ந்தது. கீழ்நிலைய மருத்துவர் பவளக்கொடி, என் அக்கா மகள், வானொலியில் பேசினாள்:
"மாமா, வலி ஊசி மட்டும் போட்றாதீங்க. அந்தக் கறியத் தின்னா பாறுக்குக் கிட்னி போயிரும். கத்துனா கத்தட்டும்."
"ஏம்புள்ள, எனக்கே பாடமா?" என்றேன்.

பதிவு 5 | 18 ஜனவரி, காலை 9.00
செவலை போய்விட்டாள். சத்தமில்லாமல். மருந்து படாத உடலுக்கு மட்டுமே கட்டும் பச்சை வில்லையைக் காதில் கட்டினேன். அதைப் பார்த்தால்தான் தூக்கு இயந்திரம் உடலைப் பறவைகளிடம் தூக்கிப்போகும். மகாராணி மூன்று யானை அளவு தின்றாள். புருஷன் முட்டை மேல்.

பதிவு 7 | 20 ஜனவரி, மாலை 4.15
பகல் 1.15க்கு மகாராணியின் கழுத்து தொங்கிவிட்டது. 1.40க்கு விழுந்தாள். பொறாமையில் சூரியன் அம்பெய்துவிட்டான் என்று எழுதிக்கொள்கிறேன். மிச்ச மாட்டை எரித்தேன். ஏனென்று கேட்காதே. முட்டை பொரிப்பெட்டியில்.

பதிவு 14 | 27 ஜனவரி, காலை 5.52
பொரித்தது. பெண் குஞ்சு. அது போட்ட சத்தத்தில் ஆறு திரும்பி ஓடியது. வானொலியில் பவளக்கொடி:
"மாமா! அய்யோ, அழுகையா வருது! ஆமா... செவலைக்கு ஊசி ஏதாச்சும்?"
"இல்ல புள்ள."
"கத விடலையே?"
"இல்ல."

பதிவு 4,790 | 2 மார்ச் 2104, மாலை
உலகத்தில் பாறு நாற்பத்து மூன்று. மகாராணியின் மகளே நாலு பெற்றுவிட்டாள். நிலையத்துக்கு என் பெயர் வைக்கப்போகிறார்களாம். பவளக்கொடி இனிப்போடு வருகிறாள். அந்தப் புருஷன் மட்டும் இன்னும் கிளையில் பக்கத்தில் ஓர் இடம் விட்டே உட்காருகிறான்.

மலை நகரவில்லை. ஆறு திரும்பவில்லை. ஒரே ஒரு சின்ன விஷயம் நிஜம். எனக்கென்று வைத்திருந்த வலி ஊசி. செவலை கதறிய அன்று இரவு அவளுக்குப் போட்டேன். இவ்வளவு பெரிய மாட்டுக்கு ஒரு ஊசி எம்மாத்திரம் என்று நினைத்தேன். அரை மணியில் கதறல் நின்றது. என் கையை நக்கினாள். விடிந்ததும் அதே கையால்தான் வில்லையைக் கட்டினேன்.