மூக்கை நம்பியவன்

பிப்ரவரி 3, திங்கள்

மின்பொறி ஒரு சாண் தாண்டிவிட்டது. தாண்டிவிட்டது! நாலு மாதமாகச் சுற்றிய செம்புக்கம்பி, எரிந்துபோன இரண்டு டிரான்ஸ்பார்மர், எல்லாவற்றுக்கும் இன்று பலன். பதினாறாம் தேதி, பொழுதுபோக்காகச் செயற்கை மின்னல் விடும் எங்கள் காயில் குழு கூடுகிறது. அதற்குள் என் காயில் ஒரு முழம் மின்னல் விட வேண்டும். பகலெல்லாம் லிஃப்ட் ரிப்பேர். எவர் வீட்டு லிஃப்ட்டில் கை வைத்தாலும் புத்தி பின்னறையில்தான் கிடக்கிறது.

"என்னய்யா அது, சடசடன்னு எண்ணெயில கடுகு போட்ட மாதிரி?" என்று மாடிவீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். அதனால் பின்னறை ஜன்னலையும் வென்டிலேட்டரையும் ஸ்பாஞ்ச் வைத்து அடைத்துவிட்டேன். சுவரெல்லாம் பழைய மெத்தை. இனி வாயைத் திறக்கமாட்டார்.

பிப்ரவரி 4

என் மனைவிக்கு அந்த அறை பிடித்துப்போய்விட்டது. குடிநீர் வாரியத்தில் புகார் போன் எடுப்பவள். நாளெல்லாம் ஊரார் வசவைக் கேட்டு, குரல் உயர்த்தாமல் பதில் சொல்பவள். வானொலியில் செய்தி வாசிக்க இருபதாம் தேதி குரல் தேர்வு. ஏழு வருஷமாகக் காத்திருந்த வாய்ப்பு. நான் காயிலை ஓட்டி முடித்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் வாசிக்கிறாள்.

"இங்கதாங்க சத்தமே இல்ல. மழை பெஞ்ச மாதிரி வாசனை வேற."

"ஓசோன். மின்பொறி பறந்தா வர்ற வாயு. காத்தைச் சுத்தம் பண்ணும்" என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

பிப்ரவரி 7

ஒரு சாண், நாலு விரல்.

பிப்ரவரி 9

இருமுகிறாள். "ஃப்ரிட்ஜ் தண்ணி குடிக்காதன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று கத்தினேன். எனக்கும் நெஞ்சு கொஞ்சம் இறுக்கம். தூக்கம் போதவில்லை போல.

பிப்ரவரி 10

கம்பிச் சுருள்களுக்குப் போட்டிருந்த ரப்பர் பேண்டு அத்தனையும் வெடித்துக் கிடக்கிறது. போன வாரம்தான் வாங்கினேன். கடைக்காரரிடம் போய் ஒரு பாட்டம் சண்டை. பாவம், புதுப் பொட்டலம் ஒன்று கொடுத்து அனுப்பினார்.

பிப்ரவரி 11

குழுவில் 'பியூஸ்' என்று ஒருவன். ஆய்வுக்கூடத்தில் வேலை, அவன் தொட்டால் பியூஸ் போகும். போனில் ரப்பர் பேண்டு கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"டேய், ரப்பர் வெடிக்குதுன்னா ஓசோன் எக்கச்சக்கமா சேந்திருக்கு. தொண்டை, நுரையீரல் எல்லாத்தையும் அரிச்சிடும். ஜன்னலைத் தொறந்து வெச்சுத்தானே ஓட்டுற?"

"ஆமா ஆமா."

"மூக்கை நம்பாத. கொஞ்ச நேரத்துல பழகிடும். வாசனை வரலன்னா காத்து சுத்தம்னு நெனச்சுடாத."

போனை வைத்தேன். தொண்டை என்றானே. அவள் இருமல்?

சொன்னால் காயிலை ஓட்டவே விடமாட்டாள். இன்னும் ஐந்தே நாள். ஸ்பாஞ்சை எடுத்தால் மாடிவீட்டுக்காரர் வந்து நிற்பார். ஓட்டிய பிறகு கதவைப் பத்து நிமிஷம் திறந்து வைத்தால் போதாதா? போதும். பதினாறுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 12

பத்து நிமிஷம் திறந்து வைத்தேன். முகர்ந்து பார்த்தேன், ஒன்றுமில்லை. அவள் உள்ளே போனாள். ஹாலில் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். "கதவைத் திறந்து வெச்சுட்டு வாசியேன்" என்றேன். "டிவி சத்தம் கேக்குதுங்க" என்றாள். டிவியை அணைத்தேன். அப்போதும் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிப்ரவரி 13

இன்றும்.

பிப்ரவரி 14

இன்றும். முக்கால் முழம். சந்தோஷமே வரவில்லை.

பிப்ரவரி 15

காலையில் பேச வாயெடுத்தாள், காற்றுதான் வந்தது. டாக்டரிடம் போனோம். "வீட்டுல புதுசா பெயின்ட், புகை, மருந்து அடிச்சது, ஏதாவது உண்டா?" என்று கேட்டார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். டாக்டர் என்னைப் பார்த்தார்.

இல்லை என்றேன். நான்தான் சொன்னேன். என் வாய்தான்.

பிப்ரவரி 16

திறந்த மைதானத்தில் ஓட்டினோம். ஒரு முழத்துக்கு மேல் மின்னல். கை தட்டினார்கள். பாதியில் கிளம்பி வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டேன்: ரப்பர், ஓசோன், அடைத்த ஜன்னல், எல்லாம். அவள் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: 'உங்களுக்கு எப்பத் தெரியும்?'

"இன்னைக்குத்தான். கூட்டத்துல பேசிக்கிட்டாங்க."

ஸ்பாஞ்சையெல்லாம் பிய்த்து எறிந்தேன்.

பிப்ரவரி 20

குரல் தேர்வில் மூன்றாவது வாக்கியத்திலேயே அவள் குரல் உடைந்துவிட்டதாம். தண்ணீர் கொடுத்து இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்களாம். மறுபடி அதே இடம். அடுத்த தேர்வு எப்போது என்று கேட்டதற்கு யாருக்கும் தெரியவில்லையாம்.

பிப்ரவரி 21

எனக்கே காபி போட்டுக் கொடுத்து, "சும்மா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதீங்க. தெரியாமப் பண்ணினதுக்கு யார் என்ன பண்றது?" என்கிறாள், அந்தக் கரகரப்புக் குரலில்.

திட்டியிருக்கலாம். அடித்திருந்தால்கூடத் தேவலை. டம்ளரைக் கீழே வைக்க முடியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

சொல்லிவிட்டேன். பதினொன்றாம் தேதியே தெரியும் என்று.

விரல் விட்டு எண்ணினாள். "பன்னண்டு, பதிமூணு, பதினாலு. மூணு நாள் உள்ள அனுப்பியிருக்கீங்க. டாக்டர்கிட்ட வேற இல்லன்னீங்க." தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள்.

பிப்ரவரி 27

தட்டு வைக்கிறாள். பேச்சில்லை.

மார்ச் 9

காயிலைக் கழற்றி பியூஸ் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவனுக்கு மொட்டைமாடி இருக்கிறது. போகும்போது மனசு அடித்துக்கொண்டது, பொய் சொல்வானேன்.

சாயங்காலம் சமையலறையில் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துக்கொண்டு செய்தித்தாளை வாசித்துக்கொண்டிருந்தாள். தெருவில் லாரி, ஆட்டோ, நாய். வாசலிலேயே நின்றேன். முடித்துவிட்டுத் திரும்பாமலே கேட்டாள்.

"எப்படி இருந்துச்சு?"

நல்லா இருந்துச்சு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நாலாவது வரியில கரகரத்துச்சு. கடைசியில மூச்சு பத்தல."

"ம். எனக்கும் கேட்டுச்சு."

ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டு, மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.