என் ஷூவில் யாரோ கை வைக்கிறார்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கு? மாத்திரையை விட்டுடாதே.

இங்கே பனி கொட்டுது. கட்டட வேலையில நாள் பூரா ஷூ நனையுது. பத்து நாளா, காலையில எழுந்தா ஷூ வச்ச இடத்துல இல்ல, லேஸ் அவிழ்ந்து கிடக்கு. ரூம்ல கூட இருக்கிற வெல்டர் அண்ணனோட ஷூ கிழிசல். என்னுதுல கண்ணு வச்சிட்டார்னு அவரோட பேச்சையே நிறுத்திட்டேன். கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சும் நகர்ந்திருந்தது.

நேத்து சாயங்காலம் குளிக்கப் போற மாதிரி போய்க் கதவிடுக்கில பார்த்தேன். அவர் என் ஷூவுக்குள்ள பழைய பேப்பரைத் திணிச்சிட்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"பேப்பர் ஈரத்தை இழுத்துடும். நீ எழுந்திருக்கிறதுக்குள்ள எடுத்துடுவேன். சொல்லலாம்னா நீ முகம் கொடுத்தே பேசலையே."

சாக்ஸைக் கழட்டிக் காட்டினார். இடது கால்ல ரெண்டு விரல் இல்ல. போன வருஷப் பனியில, ஈர ஷூவுக்குள்ள விறைச்சே போச்சாம்.

நீ பயப்படாதே, எனக்குப் பத்து விரலும் பத்திரம். கம்பளி சாக்ஸ் ரெண்டு ஜோடி அனுப்பு, ஒண்ணு அவருக்கு. நீளமா எழுது, வீட்டுல நடக்கிற சின்னச் சண்டையைக்கூட விடாதே.

வேலைக்கு வண்டி வந்துடுச்சு. இத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கிட்டு இருந்துட்டு, இப்ப அவர்கிட்ட எப்படிப் பேச்சைத் தொடங்கறதுன்னு மட்டும் சொல்லும்மா.

உன் மகன்