தொண்டைக்குள் விட்ட கை

கோவில்பட்டி,
12.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பானு எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாதே. மதினி பெயருக்கு அனுப்புவதே அதற்காகத்தான். அவர்கள் பக்கத்தில் நின்றால் கடைசி வரி வரைக்கும் படிப்பாய் என்று ஒரு நம்பிக்கை.

இங்கே நாங்கள் சுகம். இவர் சளியும் இருமலுமாகக் கிடந்து இப்போதுதான் கடைக்குப் போக ஆரம்பித்திருக்கிறார். எங்கள் நர்சிங் கல்லூரியில் இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்கு மருந்தியல் தேர்வு வருகிறது, அந்த வேலை சரியாக இருக்கிறது. உன் மகன் கிருஷ்ணகுமார் புதியம்புத்தூர் தையல் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆகிவிட்டானாம். உனக்கும் போன் போட்டிருக்கிறான், லைன் கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் குளத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, நீ கிடை போட்டிருக்கும் கரிசல் காட்டுக்கு நடந்து வந்ததை நீ பார்த்தாய். நானும் உன்னைப் பார்த்தேன். உடனே ஆடுகளை மடக்கி ஓடைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டாய். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும் வரை திரும்பவில்லை. மதுரையில் உன் நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றினார்களே, அன்றைக்கு நிறுத்திய பேச்சு இது. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டவள் நான். அதற்குப் பிறகு தினமும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, கையில் அரிவாள் எடுக்கக் கூடாது, கிடாய்க்குக் காயடிக்கக் கூடாது, விழக் கூடாது என்று உனக்கு ஆயிரம் கட்டுப்பாடு. ஆட்டுக்காரனைப் பாதி ஆளாக்கிவிட்டாள் என்று நீ ஊரெல்லாம் சொன்னது எனக்கும் வந்து சேர்ந்தது. அதைப் பற்றிப் பேச இதை எழுதவில்லை.

நீ ஓடையில் இருந்த நேரத்தில் மதினி எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, செத்துப்போன செவலை ஆட்டைப் பற்றிச் சொன்னார்கள். அதைச் சொல்ல வேண்டும் என்று சொன்னதாகத் தெரியவில்லை. பேச்சோடு பேச்சாக வந்தது. ஆடு மேயவில்லையாம், வாயெல்லாம் கோழை, குரல் கம்மிப்போய்க் கத்தியதாம். கருவேல முள் தொண்டையில் சிக்கியிருக்கும் என்று நீ அதன் வாயைப் பிளந்து கையை உள்ளே விட்டுத் துழாவினாயாம். நம் வீட்டில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நானே சின்னப் பிள்ளையில் அப்படி முள் எடுத்திருக்கிறேன். ஆனால் உள்ளே முள் இல்லை. ஆட்டின் கடைவாய்ப் பல் உன் நடுவிரலைக் கிழித்ததுதான் மிச்சம். மறுநாள் ஆடு பின்னங்காலை இழுத்துக்கொண்டு போய் விழுந்திருக்கிறது.

மதினியிடம், கிடைக்குள் நாய் ஏதும் வந்ததா என்று கேட்டேன். "தை மாசம் ஒரு நாயி வந்துச்சு. எச்சி ஒழுகிக்கிட்டு, கண்ணுமண்ணு தெரியாம ஓடியாந்துச்சு. அவிய கம்ப வச்சு வெரட்டுனாவ. ஆட்டக் கடிச்ச மாதிரி தெரியல. அன்னைக்கே ஊருக்குள்ள போயி மாரித்தாயைக் கடிச்சிருச்சு, அடிச்சே கொன்னுட்டாவ" என்றார்கள். அந்த மாரித்தாய் இன்னமும் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாளாம்.

காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். உன்னை ஊசி போடக் கூட்டிப்போகச் சொல்லி மதினியிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

அண்ணே, அந்த ஆட்டுக்குத் தொண்டையில் எதுவும் சிக்கவில்லை. அந்த நாயின் வெறி அதற்கு வந்திருக்கிறது. அதன் எச்சில் உன் விரலில் பட்ட வெட்டுக்குள் போயிருக்கிறது. நீ அதற்கு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இன்றைக்கே.

புண் ஆறிவிட்டதே என்று நினைப்பாய். விரல் வீங்கியதும் மெடிக்கல் கடையில் போய் மாத்திரை வாங்கித் தின்றாயாமே, மதினி அந்த அட்டையை எனக்குக் காட்டினார்கள். மெட்ரோனிடசோல். அது ஆன்டிபயாடிக். புண்ணில் சீழ் வைக்கிற கிருமியைக் கொல்லும், அதனால்தான் வீக்கம் வடிந்தது. நான் சொல்கிற இந்தக் கிருமி வேறு சாதி. அதை எந்த மாத்திரையும் தொடாது. புண் ஆறியதை வைத்து எதையும் நம்பிவிடாதே. இன்னொன்று. அந்த மாத்திரை, நீ தினமும் சாப்பிடும் வார்ஃபாரினின் வேகத்தைக் கூட்டிவிடும். பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது என்று மதினி சொன்னது அதனால்தான். வார்ஃபாரினை நீயாக நிறுத்திவிடாதே, வால்வில் ரத்தம் கட்டிவிடும். ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்த்து டாக்டர் சொல்வார்.

நான் கிளம்பிய பிறகு நீ மதினியிடம் சொன்னதும் போனில் வந்தது. "எனக்கு ஊசி ஆவாதுன்னு அவதான டாக்டர்கிட்ட கேட்டு கார்டுல எழுதி வாங்கிக் குடுத்தா. இப்ப அவளே ஊசி போடச் சொல்லுதா. அவளுக்கு என்ன, ரெண்டு நாக்கா?" என்றாயாம். கேட்டதும் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. நீ சொல்வது நியாயம்தான். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தசைக்குள் ஊசி போட்டால் உள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளும். அந்தக் கார்டில் இருப்பது அதுதான், அது உண்மை. ஆனால் இந்த ஊசியைத் தோலுக்குள் மட்டும் போட முடியும். கொசு கடித்த மாதிரி சின்னதாக ஒரு கொப்புளம் எழும்பும், அவ்வளவுதான், தசைக்குப் போகவே போகாது. காயத்தைச் சுற்றிப் போடுகிற மருந்து ஒன்றும் இருக்கிறது. அதற்கும் மெல்லிய ஊசிதான், போட்டபிறகு கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். நாள் தள்ளிப்போனாலும் போடலாம். இந்தக் கடிதத்தையே ஆஸ்பத்திரியில் காட்டு. அவர்களுக்குப் புரியும்.

மதினி சொல்கிறார்கள்: "அண்ணனும் தங்கச்சியும் பேசாம இருப்பிய, நடுவுல நான் தபால்காரி. சம்பளம் எவ தருவா?" அவர்களுக்காகவாவது போ. என்னைத் திட்டிக்கொண்டே போனாலும் சரி.

உன் தங்கை,
பானு

*

கோவில்பட்டி,
4.4.2025

அன்புள்ள அண்ணே,

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கிருஷ்ணகுமாரிடம் கொடுத்துவிடுகிறேன். எங்கள் தெரு செல்வக்குமாரின் கார் வாசலில் நிற்கிறது. நானும் ஏறிவிடலாம் என்று கதவைத் திறந்தேன். என்னைக் கண்டால் நீ மறுபடியும் ஓடைக்குள் இறங்கிவிட்டால் என்ன செய்வது என்று மூடிவிட்டேன். உன் மகன் வருகிறான். அவன் கூப்பிட்டால் ஏறு.

நேற்று சாயங்காலம் மதினி போன் செய்தார்கள். அழுகையில் முதலில் எதுவும் விளங்கவில்லை. என் கடிதத்தைப் படித்த மறுநாளே நீ உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு ஊசிக்குப் போனாய், "போட்டாச்சு" என்று வந்து சொன்னாய். அடுத்த தவணைகளுக்கும் அதே "போட்டாச்சு". நான் அதை நம்பி, கடைசி ஊசிக்கு என்றைக்குப் போக வேண்டும் என்று மதினியிடம் சொல்லி வைத்திருந்தேன். ஊசி போட்ட சீட்டை ஒரு தடவை காட்டச் சொல்லியிருக்கலாம். உன்னைச் சந்தேகப்படுவதாக நினைத்து இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய்விடுவாயோ என்று கேட்கவில்லை.

எந்தக் கையில் போட்டார்கள் என்று நேற்று மதினி கேட்ட பிறகுதான் சொன்னாயாம். "போனேம்ட்டி. கார்டக் காட்டுனேன். ஊசி போடுத நர்ஸ் பிள்ளை பயந்துட்டா. டாக்டரும் அன்னைக்கு இல்ல. ‘அண்ணாச்சி, எனக்கு இதுல தைரியம் வரல, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க’ன்னா. வந்துட்டேன். பொறவு உங்க ரெண்டு பேரு வாயும் அடங்கட்டும்னு போட்டாச்சுன்னேன்."

நீ போயிருக்கிறாய் அண்ணே. வீம்பை விட்டுப் போயிருக்கிறாய். அதை நான் இத்தனை நாளும் அறியவில்லை. கேட்காமலே கார்டை எடுத்துக் காட்டியிருக்கிறாய், நாங்கள் சொல்லிக் கொடுத்தபடியே. என் கடிதம் சட்டைப் பையில்தான் இருந்ததாம். அதை நீட்டத்தான் மனசு வரவில்லை போலிருக்கிறது. அந்தப் பெண்ணின் மேலும் எனக்குக் கோபம் இல்லை. அவள் எங்கே படித்தாளோ தெரியாது. என் வகுப்பில் படித்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பாள். ரத்தம் உறையாத மாத்திரை என்றால் ஊசியைக் கீழே வை என்றுதான் ஒவ்வொரு வருடமும் அழுத்திச் சொல்கிறேன். தெரியாவிட்டால் தொடாதே என்றும் சொல்கிறேன். இரண்டும் சரியான பேச்சு. நேற்று ராத்திரி முழுக்க அந்த இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

விரலிலிருந்து முழங்கை வரைக்கும் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றாயாம். தூக்கம் இல்லை, காரணமில்லாமல் எரிந்து விழுகிறாய் என்று மதினி சொன்னார்கள். எரிந்து விழுவது உனக்குப் புதிதில்லை என்று சொல்லி அவர்களைச் சமாதானப்படுத்தினேன். ஆறுகிற புண்ணும் அரிக்கும். உள்ளே ரத்தம் கட்டியிருந்தாலும் கை மரத்துப்போகும். நான் பயப்படுகிற அதுவும் இப்படித்தான் தொடங்கும். இது எதுவென்று இங்கே உட்கார்ந்துகொண்டு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தண்ணீர் தொண்டையில் இறங்காது, முகத்தில் காற்றுப் பட்டாலே பதறும் என்று வகுப்பில் இந்த நோயின் அடையாளங்களைப் பலகையில் எழுதிக்கொண்டே வருவேன். அவை தெரிந்த பிறகு கொடுக்கும் மருந்து என்ற இடம் வரும்போது, எழுத எதுவும் இருக்காது. பிள்ளைகள் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். நான் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

இந்தப் பத்தியைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். நீ ஆட்டுக்காரன். ஆட்டின் கண்ணைப் பார்த்தே அது தேறுமா தேறாதா என்று சொல்கிறவன். உன்னிடம் மறைத்து எழுதினால் அதற்கு மேல் ஒரு வரிகூட நீ படிக்க மாட்டாய்.

டாக்டரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். தோலுக்குள் போடும் ஊசி, காயத்தில் போடும் மருந்து இரண்டையும் எடுத்து வைத்திருக்கிறார்கள். வந்ததும் முதலில் ரத்தம் எடுப்பார்கள். இனி கடையில் எந்த மாத்திரையும் வாங்காதே. மதினியையும் கையோடு கூட்டிக்கொண்டு வா. செவலை ஆட்டுக்குக் கஞ்சி புகட்டியது அவர்கள்தானே. அவர்களுக்கும் இன்றைக்கே போட வேண்டும். கிடையை நினைத்து நிற்காதே, விளாத்திகுளத்திலிருந்து சுடலைராஜை வரச் சொல்லியிருக்கிறேன், அவன் ஆடுகளைப் பார்த்துக்கொள்வான். கிடைக்குக் காவல் இருக்கும் உன் நாயை மட்டும் கட்டிப்போடச் சொல், அதற்கும் கடி பட்டிருக்கலாம். யாரும் பக்கத்தில் போக வேண்டாம்.

இங்கே வந்தும் என்னோடு பேச வேண்டாம். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள். மதுரையில் கண் விழித்ததும் அப்படித்தான் படுத்தாய். உன் நெஞ்சுக்குள் அந்தப் புது வால்வு அடிக்கிற சத்தம் எனக்கு வெளியே கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன், எனக்கு அலுக்கவில்லை. அப்படி இருந்தாலே போதும்.

காற்று முகத்தில் அடிக்காமல் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டச் சொல்லியிருக்கிறேன். பின் சீட்டில் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்திருக்கிறேன். காரில் ஏறியதும் அதில் ஒரு மடக்கு குடி அண்ணே. குடித்துவிட்டு, கிருஷ்ணகுமாரின் போனை வாங்கி, "குடிச்சிட்டேம்ட்டி" என்று சொல். வேறு எதுவும் சொல்ல வேண்டாம். பிறகு காலம் முழுக்க என்னோடு பேசாமல் இருந்துகொள்.

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன்.

உன் தங்கை,
பானு