கியர் சைக்கிளும் என் கையும்

18 ஆகஸ்ட் 2025, திங்கள்

தோசைக் கரண்டி வளைந்துவிட்டது. சஞ்சயின் முதுகில்.

நேற்று முழுக்கப் போனில் கிடந்தான். இன்று காலை, கணக்கு போட்டாயா என்று கேட்டால் போட்டேன் என்றான். நோட்டைப் பிரித்தால் வெள்ளைத் தாள். பொய் என்றால் எனக்குக் கண் இருட்டிவிடும். எத்தனை அடி விழுந்தது என்று எனக்கே தெரியாது. எட்டாம் வகுப்புப் படிக்கிற என் பிள்ளை, என் தோள் உயரம் வந்துவிட்டான். சுவரோடு ஒட்டிக்கொண்டு இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் நிறுத்தியிருப்பேனோ என்னவோ. பேசவில்லை.

என் வீட்டுக்காரர் திலீப் பாதி ஷேவிங் முகத்தோடு ஓடிவந்து கரண்டியைப் பிடுங்கினார். வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீட்டர் பார்க்கிற மனுஷன். பில் ஏறினால் ஊரே அவரைத்தான் திட்டும், சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருவார். இன்று சிரிக்கவில்லை.

"இன்னொரு தபா இவன் மேல கை வெச்சின்னா, இவன இட்டுக்கினு போய்டுவேன் தேவி. எங்கன்னு கேக்காத."

ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை போகும்வரை கம்பெனி பஸ்ஸில் வலது கையை முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்தேன். வெட்கமா, கோபம் இன்னும் அடங்கவில்லையா? ரெண்டும்தான்.

21 ஆகஸ்ட், வியாழன்

கேன்டீனில் ஒரு வீடியோ பார்த்தேன். அப்பா, அம்மா, பிள்ளை மூன்று பேரும் கியர் சைக்கிளில் செம்மண் பாதையில் போகிறார்கள். ஒருத்தர் கையிலும் போன் இல்லை. அந்தப் பையன் அவன் அம்மாவை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான். சோற்றை அப்படியே வைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

நாகலாபுரத்தில் வீடு. வாசலில் நின்றால் மலை. நாங்கள் மூன்று பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

திலீப்பிடம் சொன்னேன். மூன்று நாளாக என்னிடம் பேசாதவர், "வாங்கலாம். ஆனா அவனோடத அவன் செலக்ட் பண்ணட்டும்" என்றார்.

29 ஆகஸ்ட், வெள்ளி

கம்பெனியில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். நூல் அளவு தப்பினாலும் பெட்டியைத் திருப்பி அனுப்புகிறவள். சைக்கிளையும் விடவில்லை. ஒரு வாரமாகப் பஸ்ஸில் போனில் அதைத் தேடிப் படிப்பதே வேலை.

முன்னாலும் பின்னாலும் ஷாக் அப்சார்பர் வைத்த மலிவு சைக்கிள் வேண்டவே வேண்டாம். பார்க்க பைக் மாதிரி மிரட்டும், மேட்டில் மிதித்தால் பாதி பலத்தை ஸ்பிரிங்கே தின்றுவிடும். முன்னால் மட்டும் ஷாக் போதும். டியூப், டயர் பக்கத்துப் புத்தூரிலேயே கிடைக்கிற அளவாக இருக்க வேண்டும். எனக்கும் திலீப்புக்கும் ரப்பர் கட்டை பிடிக்கிற சாதா பிரேக் போதும். சஞ்சய்க்கு மட்டும் டிஸ்க், சக்கரத்தின் நடுவில் இருக்கிற இரும்பு வட்டத்தைக் கட்டை கவ்விப் பிடிக்கிற பிரேக். இறக்கத்தில் அவன் வேகமாகப் போவான் என்று தெரியும். கையைக் கடித்தாலும் பரவாயில்லை, அதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

2 செப்டம்பர், செவ்வாய்

இன்று கை நீட்டவில்லை. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கிறது.

7 செப்டம்பர், ஞாயிறு

திருப்பதி. கடைக்காரர் பெயர் கோகுலகிருஷ்ணன், நம் ஊர்ப் பக்கத்துத் தமிழ்தான். பில் போடுவது அவர் தங்கை சந்தியா.

நான் பெரிய சைஸ் கேட்டேன். வளர்கிற பையன், யூனிஃபார்மே ஒரு சைஸ் பெரிதாகத்தான் வாங்குகிறோம். கோகுலகிருஷ்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "சட்டைய மடிச்சி போட்டுக்கலாம் மேடம், சைக்கிள மடிக்க முடியாது. கால் ஊனி நிக்கணும்ல?" எனக்குச் சுருக்கென்றது. எங்களுக்குத் தெரியாதா என்று ஒரு பிடி பிடித்தேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் அவர் சொன்ன சைஸ்தான் சரியாக இருந்தது.

சஞ்சயின் கண் ஒரு மஞ்சள் நிற டபுள் ஷாக் மேலேயே இருந்தது. நான் பார்த்தேன். "எது வேணும்னு சொல்லுடா" என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான். "நீ சொல்றதும்மா" என்றான்.

"நீ சொல்லுன்னுதான கேக்கறேன்!" என்று கத்திவிட்டேன். உடனே கறுப்பைக் காட்டினான். நான் நினைத்து வைத்திருந்த அதே சைக்கிள். இதுவா அவன் செலக்ட் பண்ணியது?

21 செப்டம்பர், ஞாயிறு

முதல் சவாரி! மாந்தோப்பு வரப்பு வழியாக மலையடிவாரம் வரை போனோம். மழை பெய்து மண் இறுகிக் கிடந்தது. மேட்டில் எனக்கு மூச்சு வாங்கியது, சஞ்சய் கியரை மாற்றி மாற்றிப் பறந்தான். "பின்னால பெரிய பல்லுல போடும்மா, அப்பால லேசா இருக்கும்" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தான். அவனாக வந்து என்னிடம் பேசி எவ்வளவு நாளாயிற்று.

திரும்பும்போது ஒரு நாய் அவன் காலைக் குறிவைத்துத் துரத்தியது. நான் இறங்கிக் கல்லை எடுத்தேன். முதல் கல்லிலேயே நாய் கத்திக்கொண்டு திரும்பி ஓடியது. அதோடு விட்டிருக்கலாம். ஓடுகிற நாயை விரட்டிப் போய் இன்னும் இரண்டு கல். பின்னங்காலை இழுத்துக்கொண்டு புதருக்குள் போயிற்று.

"போதும்மா. அது பாவம்மா" என்றான் சஞ்சய். உன்னைக் கடிக்க வந்ததுடா என்றேன். வீடு வரும்வரை அவன் நைனா திலீப்புக்கு அந்தப் பக்கமாகவே ஓட்டினான்.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. காலையில் கம்பெனியில் மிஷின்களுக்குப் பூஜை, மத்தியானம் வீட்டில் சைக்கிள்களுக்கு. மிஷினுக்குச் செய்கிற மாதிரியே செய்தேன். கழுவித் துடைத்து, நல்லெண்ணெயில் துணியை நனைத்து, இரும்பு தெரிகிற இடமெல்லாம் ஒரு பூச்சு. சஞ்சய் சைக்கிளின் டிஸ்க் வட்டம் கண்ணாடி மாதிரி மின்னியது. அதன் மேலேயே மூன்று விரலால் சந்தனம், நடுவில் குங்குமம். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கினோம்.

எண்ணெய் போடும்போது சஞ்சய் பக்கத்தில் வந்து நின்றான். "ம்மா..." என்றான். "இன்னாடா? வேலையா இருக்கேன்ல?" என்றேன். "ஒண்ணும் இல்லம்மா" என்று போய்விட்டான்.

5 அக்டோபர், ஞாயிறு

எப்படி எழுதுவது. கை அப்படியே இருக்கிறது, ரத்தம் காய்ந்து. கழுவ மனசு வரவில்லை.

தோப்பைத் தாண்டினால் கால்வாய்க்கு ஒரு இறக்கம். சஞ்சய் முன்னால். எப்போதும் இறக்கத்தில் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்பான். இன்று நேராகப் போனான். காலைத் தரையில் தேய்த்தான், புழுதி எழுந்தது, ஒரு செருப்பு பறந்தது. கத்தவில்லை. ஒரு சத்தம் போடவில்லை அவன். கீழே வேலிக்கு நட்ட கருங்கல் கம்பத்தில் — சத்தம். அந்தச் சத்தம்.

நான் போய்ச் சேரும்போது தாடை கிழிந்து தொங்கியது. வாயெல்லாம் ரத்தம், முன்பல் இரண்டு மண்ணில். இடது தோள் இறங்கிக் கிடந்தது. என் வாயில் முதலில் என்ன வந்தது தெரியுமா? "இன்னாடா பண்ண!" அதுதான் வந்தது. பெத்தவ கேக்கற கேள்வியா இது?

அவன் ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னான்: "வண்டிக்கு ஒண்ணும் ஆவலம்மா."

திருப்பதி ஆஸ்பத்திரி. காறை எலும்பு முறிவு, தாடையில் தையல். திலீப் கூட இருக்கிறார். என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

6 அக்டோபர், திங்கள்

அந்தக் கடைக்காரனைக் கொல்லணும் என்று நினைத்துக்கொண்டுதான் எழுந்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். பிரேக் பிடிக்காத வண்டியை என் பிள்ளை தலையில் கட்டிவிட்டான். டெம்போ பிடித்து, சைக்கிளை ஏற்றிக்கொண்டு திருப்பதி போனேன்.

கடைக்கு நடுவில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினேன். கோகுலகிருஷ்ணன் ஓடிவந்தார். "மேடம், மேடம், உக்காந்து பேசலாம், பையனுக்கு இன்னா ஆச்சி?"

"பேச இன்னாயா கீது? பாரு! எல்லாரும் பாருங்க, பிரேக்க பாருங்க!"

முன் சக்கரத்தைச் சுற்றிவிட்டு பிரேக்கை அழுத்தினேன். நிற்கவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தது. எல்லாருக்கும் காட்டத்தான் குனிந்தேன். டிஸ்க்கில் எண்ணெய் வழவழ என்று மின்னியது. சந்தனமும் குங்குமமும் குழைந்து பிரேக் கட்டையில் செந்நிறப் பசையாக அப்பியிருந்தது.

தெரிந்துவிட்டது. யாரும் சொல்வதற்கு முன்னால், அந்த நொடியே தெரிந்துவிட்டது எனக்கு.

தெரிந்த பிறகுதான் பக்கத்தில் இருந்த காற்றடிக்கிற பம்ப்பைத் தூக்கினேன். அதைத்தான் இங்கே எழுத வேண்டும், மறைத்து எழுதினால் இந்த எழுத்துக்கு அர்த்தமில்லை. தெரிந்த பிறகுதான் கண்ணாடி ஷோகேஸை அடித்தேன், ஒன்று, இன்னொன்று. தடுக்க வந்த கோகுலகிருஷ்ணனின் புருவத்தில் சில்லு கிழித்தது. அப்போதும் நிறுத்தவில்லை. சந்தியா கல்லாவிலிருந்து எழுந்து வந்து என் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். காது கொய்ங் என்றது. பம்ப் கீழே விழுந்தது.

"எங்க அண்ணன் இன்னா பண்ணாரு உன்ன? சொல்லு, இன்னா பண்ணாரு?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. அடி விழுந்தால் வாய் வராது போலிருக்கிறது.

7 அக்டோபர், செவ்வாய்

ஆஸ்பத்திரி வராந்தாவில் திலீப்பிடம் சொன்னேன். எண்ணெய் நான் போட்டது, அதனால்தான் என்று. அவர் ஆச்சரியப்படவில்லை.

"அவனுக்கு அன்னிக்கே தெரியும். டிஸ்க்குக்கு எண்ணெ ஆவாதுன்னு வீடியோல பாத்திருக்கான். நீ பூசிக்கினு இருந்தப்பவே சொல்லணும்னு வந்தானாம்."

"வந்தான். வந்து ஒண்ணும் சொல்லலயே!"

"பூஜை அன்னிக்கி சொன்னா நீ அடிப்பன்னு கம்முனு போய்ட்டான். அப்பால தெரியாம தொடச்சி பாத்திருக்கான், போவல. ஞாயித்துக்கிழமை மொத சின்ன எறக்கத்துலயே பிரேக் புடிக்கல தேவி. அப்பவும் சொல்லல. புது வண்டிய கெடுத்துட்டியான்னு நீ கேப்பன்னு."

கல் கம்பம் கண்ணுக்கு நேராக வந்தபோதும் என் பிள்ளைக்கு என்மேல்தான் பயம் அதிகமாக இருந்திருக்கிறது.

"இட்டுக்கினு போறேன்" என்றார். வெதுருகுப்பத்தில் அவர் அக்கா வீடு. எங்கே என்று நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். சஞ்சய் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். போர்வையைச் சரிசெய்யக் கையை நீட்டினேன். திலீப் பார்த்தார். எடுத்துக்கொண்டேன்.

12 அக்டோபர், ஞாயிறு

வீட்டில் கத்துவதற்கு ஆள் இல்லை. சுவரைக் குத்தினேன். விரல் முட்டி வீங்கிவிட்டது. சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. எதிர்வீட்டில் சரவெடி. ஒவ்வொன்றுக்கும் உடம்பு தூக்கிப் போட்டது. அவனுக்கு இப்படித்தான் இருந்திருக்குமோ, நான் கதவைத் திறந்து உள்ளே வரும்போதெல்லாம்?

26 அக்டோபர், ஞாயிறு

கடைக்குப் போனேன். புதுக் கண்ணாடிக்கான செலவைக் கொடுத்தேன். கோகுலகிருஷ்ணனின் புருவத்தில் தையல் தடம் சிவப்பாக இருந்தது. எண்ணெய் போட்டது நான்தான், உங்கள் வண்டியில் குறை இல்லை, தெரிந்தேதான் உடைத்தேன் என்று நின்றுகொண்டே சொன்னேன். கடையில் ரெண்டு மூணு பேர் இருந்தார்கள். இருக்கட்டும், அன்றைக்கும் ஆள் இருந்தார்கள்.

அவர் பையனைப் பற்றிக் கேட்டார். சந்தியா கேட்கவில்லை. "வண்டிய எடுத்துக்கினு போங்க. ரெடி பண்ணி வெச்சாச்சி. இன்னொரு தபா இங்க வராதீங்க" என்றாள். சரி என்றேன்.

அங்கிருந்தே சஞ்சய்க்குப் போன் செய்தேன். "எண்ணெ நான்தான்டா போட்டேன். உன் தப்பு ஒண்ணும் இல்ல" என்றேன். "தெரியும்மா" என்றான். போனை அவன்தான் முதலில் வைத்தான்.

16 நவம்பர், ஞாயிறு

வந்துவிட்டார்கள். திலீப் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே சொன்னார், "அவன் வரேன்னான். அதனால வந்தோம்." பொய்ப் பல் கட்டியிருக்கிறான். சிரித்தால்தான் தெரியும். சிரிக்கவில்லை.

19 நவம்பர், புதன்

டம்ளரை உடைத்தான். உடைத்துவிட்டு மூலையில் நின்றான். எனக்குள் கோபம் ஏறியது. ஏறவில்லை என்று எழுதினால் பொய். வெளியே போய்க் குழாயடியில் நின்றேன். தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது கூட்டிப் பெருக்கி வைத்திருந்தான்.

30 நவம்பர், ஞாயிறு

தோள் சரியாகிவிட்டது, ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விடிந்ததும் எழுந்து மூன்று சைக்கிளுக்கும் காற்றடித்தேன். புளிச்சோறு கட்டினேன். எனக்குச் சந்தோஷம், மறைப்பானேன்.

சஞ்சய் எழுந்து வந்தான். சைக்கிள்களுக்கு அந்தப் பக்கம், தண்ணீர் மோட்டார் பெட்டியை ஒட்டி நின்றான். என் கை எட்டாத இடமாகப் பார்த்துத்தான் நின்றான்.

"நான் வரலம்மா."

"ஏன்டா? தோள் வலிக்குதா?"

"வலிக்கல. எனக்கு சைக்கிளே வேணாம். அந்தக் கறுப்பு வண்டி எனக்கு அன்னிக்கே புடிக்கல. நீ திட்டுவன்னு சொல்லல." ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நின்றான். முகம் வெளுத்துவிட்டது.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. திலீப் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எனக்கு வாய் நிறைய வந்தது. எவ்வளவு அலைந்தேன், எவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கினேன். பம்ப்பை இறுக்கிப் பிடித்திருந்தேன். அப்புறம் அதைக் கீழே வைத்தேன்.

"சரிடா" என்றேன்.

"நெஜமாவா?"

"நெஜமாத்தான். வித்துடலாம். உள்ள போய் துன்னு, போ."

உள்ளே போக வேண்டுமானால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். சைக்கிளுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைகிற வழி. என் கையை ஒரு முறை பார்த்தான். பிறகு என் தோளில் உரசிக்கொண்டு, தலையை மூடாமல் உள்ளே போனான்.